மார்பிள் தரைக்கு மேலே எதையும் பூசாதீர்கள், அரைத்துத் தருபவரைக் கூப்பிடுங்கள்

கோலாலம்பூரில் எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய வரிசை வீடுகள் பலவற்றில் கீழே ஹாலுக்கு மார்பிள், மேலே படுக்கையறைக்குப் பலகைத் தரை. அந்த மார்பிளுக்கெல்லாம் இப்போது முப்பதை ஒட்டியோ அதற்கு மேலோ வயதாகிவிட்டது. வாசலிலிருந்து சமையலறை வரை ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் மங்கிப்போய், சோபாவை நகர்த்தினால் அடியில் பழைய பளபளப்பு அப்படியே இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, பெயர்த்து எறிந்துவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கல் முழுக்க ஒரே பொருள்தான். மேலே ஒரு மில்லிமீட்டர்கூட வராத அளவு சீவினால் புதுக் கல் வந்துவிடும். டைல்ஸ் பெரும்பாலும் அப்படி இல்லை, மேலே இருக்கும் மெருகுப் பூச்சு தேய்ந்தால் அதோடு முடிந்தது.

எங்கள் செந்தூல் வீட்டில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஜிஞ்சாங் பக்கத்திலிருந்து வரும் ஒரு சின்னக் குழு. போர்டு வைத்த கடை கிடையாது. ஓர் அண்ணன், கூட இரண்டு பேர், ஒரு பழைய வேன், அவ்வளவுதான். ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவது, அப்படியே ஓடுகிறது அவர்கள் தொழில். வேலைக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு முதலில் பிடித்தது அவர் விலை சொன்ன விதம். வேறு சிலரிடமும் கேட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்புங்கள், எத்தனை சதுர அடி என்று சொல்லுங்கள், உடனே விலை சொல்கிறோம் என்றார்கள். இந்த அண்ணன் மட்டும், "படத்துல கல்லு பேசாது தம்பி, நேர்ல வந்து பார்க்கறேன்" என்றார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஐம்பது சென் காசை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக ஒட்டியிருக்கும் கல்லில் 'டிக்' என்று சத்தம். அடியில் சிமெண்ட் விட்டுப்போன கல்லில் 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம். குளியலறைக் கதவுப் பக்கம் மூன்று கல் டொக். அதை ஒட்டாமல் மெஷினை ஏற்றினால் அதன் கனத்துக்கு ஓரம் உடைந்துவிடும் என்று சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டார்.

அப்புறம் தண்ணீர்ச் சொட்டு. தடத்தில் ஒரு சொட்டு, சோபாவுக்கு அடியில் ஒரு சொட்டு. சில நிமிடத்தில் தடத்தில் விழுந்த சொட்டைச் சுற்றிக் கல் கறுத்தது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மற்றது முத்து மாதிரி நின்றது. கடைசியாகச் சாமான் அறை மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், எலுமிச்சைச் சாற்றில் ஒரு துளி. லேசாக நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் பளபளப்புப் போய் வெளுத்திருந்தது. "இது அசல் மார்பிள்தான், கிரானைட் இல்ல" என்றார். அப்பா ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து லோரியில் இறக்கிய கல் என்று அம்மா அப்போதுதான் சொன்னார்.

இந்த எலுமிச்சைச் சோதனையை விளக்கவேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் தரை கெடுவதற்குப் பாதிக் காரணம் இதில்தான் இருக்கிறது. பத்துமலைக் குன்று எதனால் ஆனதோ அதே பொருள்தான் மார்பிளும், கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து மாறினால் மார்பிள். அமிலம் பட்டால் அது கரையும், கரியமில வாயு நுரையாக வெளியேறும். எலுமிச்சை, புளி, வினிகர், தயிர், கழிப்பறை கழுவும் பல திரவங்கள் எல்லாமே அமிலம்தான். எங்கள் வாசல்படியின் இரண்டு பக்கமும் அரைவட்டமாக இரண்டு வெள்ளைத் தழும்பு இருந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை. அண்ணன் பார்த்த உடனே, "வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைக்கறீங்களா அம்மா?" என்று கேட்டார். அதேதான். அது கறை இல்லை, கல்லே அரித்துப்போயிருக்கிறது. அதைச் சோப்பால் தேய்த்து எடுக்க முடியாது, சுற்றியுள்ள கல்லையும் சேர்த்து அரைத்துச் சமமாக்கினால்தான் போகும். எலுமிச்சையை நிறுத்தச் சொல்லவில்லை, அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வையுங்கள் என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே அவரைப் பிடித்துவிட்டது.

கறை வேறு, அரிப்பு வேறு. இதை முதலில் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். கறை என்றால் கல்லின் நிறத்தைவிடக் கறுப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும், மேலே தொட்டால் வழவழப்பு மாறாது. அரிப்பு வெளிறித் தெரியும், விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை.

இன்னொரு எதிரி மணல். கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் மார்பிளுக்கு 3, மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. செருப்போடு உள்ளே வரும் ஒவ்வொரு மணலும் கல்லைக் கீறும். நாம் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை, சரி, ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் வெறுங்காலோடு நடந்துவிட்டு அப்படியே உள்ளே வருகிறோமே. வாசலுக்கு வெளியே ஒரு கால்மிதி, உள்ளே ஒரு கால்மிதி, இந்த இரண்டும் எந்தப் பாலிஷையும் விட அதிகம் உழைக்கும்.

இனி கோட்டிங். இதைப் பற்றிப் பேசாமல் இந்த விமர்சனம் எழுதிப் பயனில்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மலிவு விலை, ஒரே நாளில் முடித்துத் தருவோம் என்றார்கள், முடித்தும் தந்தார்கள். அன்று மாலை தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்கள் கல்லைத் தொடவே இல்லை, மேலே ஒரு பிளாஸ்டிக் போன்ற பூச்சை மாப்பால் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சில மாதத்தில் கதவோரம் உரிய ஆரம்பித்தது, வெயில் படும் இடம் மஞ்சளானது, பூச்சுக்குள் மாட்டிய தலைமுடிகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. கீழ்த்தளத்துத் தரையில் மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கு அடியில் நின்று, குளியலறைப் பக்கம் கல் மேல்தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. கூப்பிட்டால், மறுபடி ஒரு கோட் அடித்தால் சரியாகும் என்று பதில். இது அழுக்குச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போடுகிற வேலை. அதனால்தான் சொல்கிறேன், யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: நீங்கள் கல்லை அரைப்பீர்களா, அல்லது மேலே பூசுவீர்களா? பதிலில் தடுமாறினால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

ஜிஞ்சாங் குழுவுக்கு முதல் வேலையே அந்தப் பழைய பூச்சை எடுப்பதாகப் போய்விட்டது. எடுக்காமல் அரைத்தால் பூச்சு இளகி, அரைக்கும் மெஷினின் டயமண்ட் பேட்டில் பிசின்போல் அடைத்துக்கொள்ளும். மருந்து ஊற்றி ஊறவைத்து, பிளேடால் சுரண்டி, கழுவி எடுத்தார்கள். இதற்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்கள், அதனால் எனக்குக் குறையில்லை.

டொக் சத்தம் வந்த மூன்று கல்லையும் பெயர்த்து மறுபடி ஒட்டி, காயவிட்டுப் போய்விட்டு, பிறகுதான் மெஷினோடு வந்தார்கள். பெரிய வட்டத் தட்டு ஒன்று சுற்றும் மெஷின், கனமானது. அடியில் டயமண்ட் துகள் பதித்த பேட்டுகள், எண் ஏற ஏற நைசாகும்: 50, 100, 200, 400, 800, 1500, 3000. கல்லுக்குக் கல் உயரம் தட்டிய இடங்களில் மட்டும் 50. மற்ற இடத்தில் 100இலிருந்து. எல்லாமே தண்ணீர் விட்டுத்தான், உலர்வாக அரைத்தால் வீடு முழுக்கத் தூசி பறக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. பால் மாதிரி வெள்ளைச் சேறு வரும். அதை உறிஞ்சும் மெஷினால் எடுத்து வாளியில் சேர்த்து வெளியே கொண்டுபோனார்கள். சில ஆட்கள் சோம்பல்பட்டு அதைக் குளியலறைத் துவாரத்தில் ஊற்றிவிடுவார்கள். கல்மாவு அடியில் தங்கிக் குழாயை அடைத்துவிடும், அதில் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் நல்லவர், அவசரக்காரர் என்பது தெரிகிற இடம் ஒன்று உண்டு. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும் இடைவெளி. 100 போட்ட கீறலை 200 அழிக்கும், 200 போட்டதை 400 அழிக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் உள்ளேயே தங்கிவிடும், மேலே எத்தனை நைசாகத் தேய்த்தாலும் போகாது. வேலை முடிந்த அன்று தெரியாது. காலை வெயில் சன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது தரை முழுக்க வட்டவட்டமாகச் சுழி தெரியும். அண்ணன் ஒவ்வொரு எண் முடிந்ததும் தரையைக் கழுவி உறிஞ்சி, மின்விசிறி போட்டுக் காயவைத்து, முழங்காலில் உட்கார்ந்து கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, கைபேசி விளக்கைப் படுக்கை வாட்டத்தில் அடித்துப் பார்த்தார். சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் ஒரு கீறல் கோடு, தலைமுடி கனம்தான் இருக்கும், எனக்குக் காட்டியும் எனக்குத் தெரியவில்லை. அவர் உதவியாளைக் கூப்பிட்டு, "டேய், மறுபடி இருநூறு போடு" என்றார். அதற்கு அரைநாள் போனது. ஒரு சென் கூடக் கேட்கவில்லை.

400 வரைக்கும் பளபளப்பு வராது, இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். தரை முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி கிடந்தது, இருந்த பளபளப்பும் போச்சே என்று அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார். 800இல் சன்னல் கம்பியின் நிழல் தரையில் தெரிய ஆரம்பித்தது. 3000 முடிந்து, கடைசியாகப் பாலிஷ் பவுடரைத் தண்ணீரில் குழைத்து வெள்ளை பேட்டில் தேய்த்தபோதுதான் கல்லுக்குள் இருந்த சாம்பல் நரம்புகள் எல்லாம் மேலே எழும்பி வந்தன. அந்தக் கல்லில் இளஞ்சிவப்பு ஓட்டம் ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஓரங்களையும் பாருங்கள். வட்ட மெஷின் சுவர் மூலைக்குள் நுழையாது, பலர் சுவரையொட்டி நாலைந்து அங்குலம் அப்படியே விட்டுவிடுவார்கள். இவர்கள் கை கிரைண்டரில் அதே வரிசை எண்களை மூலை மூலையாகப் போட்டார்கள். கல் இடுக்குகளில் உதிர்ந்த சிமெண்டைக் கீறி எடுத்து, கல் நிறத்துக்குக் கலந்த ரெசின் வைத்து நிரப்பி, காய்ந்தபின் கல்லோடு சேர்த்தே அரைத்தார்கள். இப்போது இடுக்கு கைக்குத் தட்டுவதில்லை. ஆனால் அந்த ரெசின் வாடை கடுமை. குழந்தைகளையும் மூச்சுத்திணறல் இருப்பவர்களையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சாமி மேடைக்கு முன்னால் இருந்த கறைகளை அவர்கள் முதலிலேயே தனியாகப் பார்த்தார்கள். குத்துவிளக்கிலிருந்து வருடக்கணக்காகச் சொட்டிய நல்லெண்ணெய், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து இறங்கியிருந்தது. டால்கம் பவுடரில் அசிட்டோன் ஊற்றிப் பசையாக்கி, அரை அங்குல கனத்துக்கு அப்பி, மேலே சமையலறைப் பிளாஸ்டிக் தாளை மூடி ஓரத்தில் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டார்கள். பிறகு பிளாஸ்டிக்கை எடுத்துக் காயவிட்டார்கள், காயும்போதுதான் பவுடர் எண்ணெயை மேலே இழுக்கும். ஒரு சுற்றில் பாதி போனது, மறு சுற்றில் ஏறக்குறைய முழுதும். இதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கு எரியக்கூடாது, அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். மஞ்சள் கறைக்கு இது வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்த பசை போடவேண்டும். மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் சிவப்பாகிறதே என்று பயப்படவேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். வெயில் படும் இடமாக இருந்தால் வெளிச்சத்திலேயே நாளடைவில் வெளுத்துவிடும்.

போகாதது ஒன்று உண்டு. இரும்பு அலமாரியின் கால் துருப்பிடித்துக் கல்லில் இறங்கிய இடம். துருவை எடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் அமிலம், அது மார்பிளையே தின்னும். குறையும், முழுசாகப் போகும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன் என்றார் அண்ணன். அப்படியே ஆனது, இளம் பழுப்பாக நாலு புள்ளி இன்னும் இருக்கிறது. போகும் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் பிறகு கையை விரிப்பவர்களை நிறைய பார்த்திருக்கிறோம், அதனால் இந்தப் பதிலுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

இன்னொரு நல்ல யோசனையும் அவருடையதுதான். அம்மாவுக்கு முகம் தெரிகிற அளவுக்கு வீடு முழுக்கப் பளபளக்கவேண்டும். அண்ணன், "குளியலறை வாசல்ல வேணாம்மா, ஈரக்காலோட வர்ற இடம்" என்று அந்தப் பகுதியை மட்டும் 400இல் நிறுத்தினார். மங்கலாக, பட்டு மாதிரி இருக்கிறது, கால் பிடிக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் சொல்லித்தரமாட்டார்கள்.

கடைசியில் சீலர் என்ற கறைத்தடுப்புத் திரவம். இது கல்லுக்குள் இறங்கும் வகை, மேலே படலமாக நிற்காது, ஈரம் ஆவியாக வெளியேறுவதையும் தடுக்காது. தடவி, சில நிமிடம் விட்டு, மிச்சத்தைக் காயும் முன்பே துடைத்துவிடவேண்டும். சீலர் போட்டாலும் எலுமிச்சை அரிக்கும், அது தடுப்பது கறை ஊறுவதை மட்டும்தான். இதைச் சொல்லாமல் 'எல்லாவற்றையும் தாங்கும்' என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இனி அந்த அரை மதிப்பெண். சுவருக்குப் பிளாஸ்டிக் கட்டினார்கள், ஆனால் உயரம் போதவில்லை. வெள்ளைச் சேறு தெறித்து, முன் கதவு கிரில்லிலும் சுவரிலும் காய்ந்துவிட்டது. கிரில்லைத் துடைத்துக் கொடுத்தார்கள், சுவருக்கு நாங்கள்தான் மறுபடி பெயிண்ட் அடித்தோம். சொன்ன நாளுக்கு முடியவில்லை, இழுத்தது. காலையில் ஒன்பது என்றால் பத்தரைக்கு வருவார்கள், ஜாலான் ஈப்போ நெரிசல் என்பார்கள். நெரிசல் உண்மைதான், ஆனால் ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். சத்தமும் அதிகம், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எங்களுக்கு ஆன செலவு: ஏறக்குறைய 600 சதுர அடி, அரைத்துப் பாலிஷ் போட சதுர அடிக்கு 3 ரிங்கிட் 50 சென், அதுவே 2,100 ரிங்கிட். சீலர், பழைய பூச்சு எடுத்தது, இடுக்கு நிரப்பியது எல்லாம் அதற்கு மேல் தனி. மொத்தமாகச் சின்னத் தொகை இல்லை. ஆனால் பெயர்த்து, கல் கழிவை அள்ளி, புதுத் தரை போடுவதற்கு எங்களுக்குக் கிடைத்த விலைக்குப் பக்கத்தில்கூட இது வரவில்லை.

பிறகு பராமரிப்பு ரொம்ப எளிது. தினமும் உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கல்லுக்கென்று விற்கும், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைத் திரவத்தைத் தண்ணீரில் கலந்து துடைப்பது, அவ்வளவுதான். வாசனைக்காக எலுமிச்சை கலந்த தரைத் திரவம் வாங்காதீர்கள், வினிகரும் சமையல் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ரசம் கொட்டிவிட்டால் மாப்பைத் தேடப் போகவேண்டாம், கையில் கிடைத்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள்.

கூப்பிடுவதாக இருந்தால் தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முந்தைய மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள், எல்லாரும் அப்போதுதான் வீட்டைச் சீர் பண்ணுவார்கள், நாள் கிடைக்காது. விலை பேசும்போது எந்த எண்ணில் தொடங்கி எந்த எண் வரை போடுவீர்கள், ஓரங்கள் சேர்த்தியா, சேற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள், சுவருக்கு எத்தனை அடி உயரம் பிளாஸ்டிக் கட்டுவீர்கள் என்று நாலையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.